மனத்துக்குள் ஓர் எம்டன்

சென்ற பரீட்சைக் காலத்தில் ஓர் இரவு. நாற்பத்திரண்டு விடைத்தாள்களை மேஜைமீது பரப்பி வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தோம். ஒன்பது வயதான நம் மகன், தாயார் கொடுத்தனுப்பிய காபியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, மிகுந்த ஜாக்கிரதையாகத்தான் வந்தான். வாயிற்படி தடுக்கிற்று. டம்ளர் கவிழ்ந்தது. நான்கு விடைத்தாள்கள் நனைந்தன.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் நம் மனம் இவ்வளவோடு நின்றதா? எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, பிள்ளைகளின் பெற்றோர் வந்து சண்டையிடப் போகிறார்கள், தலைமையாசிரியர் விளக்கம் கேட்கப் போகிறார், இத்தனை வருஷ உத்தியோகத்தில் விழாத கரும்புள்ளி விழப்போகிறது. அரை நிமிஷத்துக்குள் நாம் வேலையிழந்து, வீட்டு வாடகை கொடுக்க வகையின்றி, தெருவில் நின்றுகொண்டிருந்தோம். அந்தத் தெருவிலிருந்துதான் பையனைப் பார்த்துக் கத்தினோம். என்ன சொன்னோம் என்பது இங்கே எழுதத் தக்கதன்று.

தாள்களை மின்விசிறியின் கீழ் உலர்த்தி, மறுநாள் காலை எடுத்துப் பார்த்தோம். பந்துமுனைப் பேனாவால் எழுதிய எழுத்து ஒன்றுகூடக் கரையவில்லை. ஓரங்களில் மட்டும் பழைய ஓலைச்சுவடியின் நிறம் ஏறியிருந்தது. தலைமையாசிரியர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

அன்றிரவே மற்றொன்றும் நடந்தது. கதவுக்கு அப்பால் பையன் தன் அக்காளிடம் மெல்லிய குரலில், "அப்பா சரியான எம்டன்!" என்றான். அவனுக்கு இந்தச் சொல் எங்கே கிடைத்ததோ, அவனுடைய பாட்டியிடமிருந்தாக இருக்கலாம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிந்தனை வந்தது.

எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். முதலாவது உலக யுத்தம் தொடங்கி இரண்டு மாதமும் ஆகாத சமயம். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு அக்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசியது. துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளில் இரண்டு தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்திலிருந்த கப்பலொன்றில் சிலர் மாண்டனர். ஹைகோர்ட்டின் மதிற்சுவரிலும் ஒரு குண்டு பட்டது. அதன் நினைவாகப் பதித்த கல் அங்கே உண்டு. எல்லாம் அரை மணி நேரம். பத்து மணி அளவில் கப்பல் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது.

எம்டன் போயிற்று, ஆனால் பயம் போகவில்லை. நாளைக்கு வரும், மறுநாள் வரும் என்று வதந்திகள் கிளம்பின. ஆயிரக்கணக்கான ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்தைவிட்டு ஓடினார்கள். அவர்கள் அஞ்சிய கப்பலோ சென்னைப் பக்கம் திரும்பவே இல்லை. நவம்பர் 9-ஆம் தேதி, இந்து மகா சமுத்திரத்திலுள்ள கோகோஸ் தீவுகளுக்கருகே, 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் அடிபட்டுக் கரைதட்டி அழிந்தது. சென்னைக்கு வந்துபோன நாளிலிருந்து கணக்கிட்டால் நாற்பத்தெட்டாவது நாள். கப்பல் மறைந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் வீட்டை நடுங்க வைக்கும் மனிதருக்குத் தமிழில் அதன் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அன்று ஓடியவர்களை நாம் பரிகசிக்கவில்லை. எண்ணெய்த் தொட்டி எரிந்தது உண்மை. உயிர்கள் போனதும் உண்மை. மனம் ஒன்றுமில்லாததிலிருந்து பயத்தைச் சிருஷ்டிப்பதில்லை. உண்மையான ஒரு பொறியை எடுத்துக்கொண்டு ஊரையே எரித்துக் காட்டுகிறது. நம் வீட்டில் நனைந்த தாள் நான்கு. மீதி அனைத்தும் மனம் செய்த சேர்க்கை.

ஏன் இப்படி நேர்கிறது? ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர் 1915-இல் ஒரு நூல் வெளியிட்டார். அபாயம் எதிர்ப்படும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சிறு சுரப்பிகள் ஒரு ரசத்தை இரத்தத்தில் கலக்கின்றன, இதயம் விரைகிறது, ஜீரணம் நிற்கிறது, போரிடவோ ஓடவோ உடல் முழுதும் ஆயத்தமாகிறது என்று விளக்கினார். புலியின் எதிரே நிற்பவனுக்கு இது பெரிய வரம். ஆனால் உடலுக்குப் புலிக்கும் காபிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மனம் "புலி!" என்று கூவினால், அது உடனே சேனையைத் திரட்டிவிடுகிறது. அப்புறம் படபடக்கும் நெஞ்சையே சாட்சியாக வைத்துக்கொண்டு, "இவ்வளவு துடிக்கிறதே, விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்" என்று மனம் தீர்ப்புக் கூறுகிறது. வாதியும் அதுவே, சாட்சியும் அதுவே, நீதிபதியும் அதுவே.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த ஆரன் பெக் என்னும் மனோவைத்தியர் (1921–2021), மனம் சோர்ந்தவர்கள் சிந்திக்கும் வகையில் நேரும் பிழைகளை 1960-களில் வகைப்படுத்தினார். சிறியதைப் பெரிதாக்கிக் காண்பது அவற்றுள் ஒன்று. பென்ஸில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையார் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் கவனிக்கத் தக்கது. ஓயாக் கவலை நோயுள்ள 29 பேர் தங்கள் கவலைகளை அவ்வப்போது எழுதி வைத்தனர். பிறகு அவை பலித்தனவா என்று பார்த்தனர். நூற்றுக்குச் சுமார் 91 கவலைகள் பலிக்கவே இல்லை.

பலிக்காத கவலையால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். அதற்கும் நம் வீட்டிலேயே விடை கிடைத்தது.

காபி கவிழ்ந்து ஒரு வாரம் சென்றிருக்கும். பையன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். மூன்றாம் நாள் ஜுரம் கண்டது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் வீங்கிச் சிவந்திருந்தது. டாக்டர் கீறி எடுத்தது, நெல்மணி நீளத்தில் ஒரு கருவேல முள். "ஏன்டா சொல்லவில்லை?" என்றோம். "நீங்க கத்துவீங்கன்னு பயமா இருந்தது, அப்பா" என்றான்.

காபிக்காக நாம் ஊரைக் கூட்டினோம். முள் தைத்தது நமக்குத் தெரியாமற் போயிற்று. அற்ப விஷயத்துக்கெல்லாம் அபாயச் சங்கு ஊதுகிற வீட்டில், மெய்யான அபாயம் ஓசையின்றி உள்ளே நுழைகிறது. குழந்தைகள் சொல்ல அஞ்சுகிறார்கள். மனைவி சமயம் பார்த்துப் பேசுகிறாள். கடைசியில் எல்லாச் சமாசாரமும் நமக்குத்தான் கடைசியாக வந்து சேர்கிறது.

திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இடுக்கண் வராது என்று அவர் சொல்லவில்லை. வந்தால் அழியாதிருத்தலையே பேசுகிறார். அப்பெரிய பாடத்துக்கு நாம் இப்போது மூன்று சிறிய அப்பியாசங்களைச் செய்து வருகிறோம்.

முதலாவது, நடந்ததைக் கோர்ட்டுச் சாட்சிபோல ஒரே வாக்கியத்தில் சொல்வது. "காபி கொட்டி நான்கு தாள் நனைந்தது." 'போச்சு', 'நாசம்' முதலிய சொற்களுக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. இரண்டாவது, மண்டலக் கணக்கு. நம் வைத்தியர்கள் ஒரு மண்டலம் என்பது நாற்பத்தெட்டு நாள். எம்டன் இருந்ததும் அவ்வளவுதான் அல்லவா? ஒரு மண்டலம் கழித்து இது நினைவிலாவது இருக்குமா என்று கேட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் இராது, இருக்கும் என்று தோன்றினால் அது கவனிக்க வேண்டிய விஷயமே. மூன்றாவது, நெஞ்சின் படபடப்பு அடங்குமட்டும் வாயைத் திறவாமை. இதுதான் கடினம். ஒரு செம்பு தண்ணீர் குடிப்பது உதவுகிறது. குடிக்கும்போது கத்த முடியாது.

இவற்றால் தீராத ஓயாக் கவலை உடையோர் வைத்தியரிடம் செல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. முள்ளை எடுக்க டாக்டரிடம் போகிறோம் அல்லவா?

நாம் முற்றும் தேறிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டோம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, பையன் நம் மூக்குக்கண்ணாடியை இரண்டு துண்டாகக் கையில் ஏந்திக்கொண்டு தானாகவே வந்து நின்றான். மற்றொரு கையில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தது.

"முதல்ல இதைக் குடிங்க, அப்பா" என்றான்.

குடித்தோம்.