மூளையைப் பற்றிப் படிக்க நகையை அடகு வைக்க வேண்டுமா?

"தம்பி, வீட்டுல ரெண்டு சங்கிலி இருக்கு. அடகு வெச்சா முதல் வருஷத்தைத் தாண்டிடலாம். என்ன சொல்றே?"

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் அக்கா போனில் இப்படிக் கேட்டார். மகளுக்கு நியூரோ சயின்ஸ் படிக்க ஆசை. ஒரு தனியார் கல்லூரியில் அந்தப் பெயரிலேயே பட்டப்படிப்பு இருந்தது. ஹாஸ்டலோடு சேர்த்து ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 'மூன்று நாளில் முன்பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும்' என்று அங்கிருந்து தினமும் போன்.

அவள் ஆசைக்குக் காரணம் எங்கள் அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. 'தண்ணி' என்றுகூடச் சொல்ல வராது. ஆனால், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டு ஒன்றைத் தொடங்கினால், வார்த்தை பிசகாமல் கூடவே பாடுவார். "பேச முடியாதவங்களால எப்படி மாமா பாட முடியுது?" என்று அப்போது கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் விடவே இல்லை.

நல்ல ஆசைதான். ஆனால், அதற்கு நகை அடகுக்கடைக்குப் போக வேண்டுமா? ஒரு வாரம் விசாரித்ததில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்

நரம்பு நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பது நியூராலஜி. அதற்கு எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்பதுதான் வழக்கமான பாதை. நியூரோ சயின்ஸ் என்பது மூளையும் நரம்பும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் அறிவியல். இதற்கு நீட் தேவையில்லை. ஆனால், ஆராய்ச்சியாளராக வேண்டும் என்றால் பெரும்பாலும் பிஹெச்.டி. வரை போக வேண்டும். அதனால், கையில் இருக்கும் பணத்தை முதல் மூன்று வருடத்திலேயே கரைத்துவிடக் கூடாது.

பெயரைவிட அடித்தளம் முக்கியம்

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம், கருவில் வளரும் குழந்தையின் மூளையை நுணுக்கமாகப் படமெடுத்து 2024-ல் வெளியிட்டது. இப்படி ஒரு வேலைக்கு உயிரியல், மருத்துவம், கம்ப்யூட்டர், கணிதம் எல்லாம் வேண்டும். விலங்கியல், உயிர்வேதியியல், இயற்பியல், உளவியல் என்று பல கதவுகள் வழியாக இந்தத் துறைக்குள் வருகிறார்கள். புகழ்பெற்ற மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன் முதலில் படித்தது சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்.தான். இழந்த கை இன்னும் இருப்பதுபோல் வலிக்கிறது என்றவர்களுக்கு அவர் பயன்படுத்திய கருவி, ஒரு சாதாரணக் கண்ணாடி!

செலவு குறைந்த மூன்று வழிகள்

1. உள்ளூர் அரசுக் கல்லூரி: பி.எஸ்சி.க்கு அரசு கலை அறிவியல் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

2. ஐசர் நிறுவனங்கள்: திருவனந்தபுரம், திருப்பதி உட்பட நாட்டில் 7 இடங்களில் இருக்கும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள். ஐ.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடுவதால், பிளஸ் டூ படிக்கும்போதே கவனிக்க வேண்டும்.

3. பி.எஸ்சி.க்குப் பிறகு தாவுவது: 'ஜாம்' தேர்வு எழுதி, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் ஒருங்கிணைந்த பிஹெச்.டி.யில் சேரலாம். அங்கே படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நரம்பு, அறிதிறன் அறிவியலில் எம்.எஸ்சி. இருக்கிறது. ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் மாதம் 37,000 ரூபாய். அந்தக் கட்டத்தில் படிப்பு உங்களிடம் பணம் கேட்காது, உங்களுக்குப் பணம் கொடுக்கும்.

முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்

* மூளை ஆராய்ச்சி செய்த ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரை கூகுள் ஸ்காலரில் தேடினால் கட்டுரைகள் வருகின்றனவா?
* மாணவர்கள் தாங்களே செய்யும் லேப் வேலை வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?
* முந்தைய பேட்ச் எங்கே மேற்படிப்புக்குப் போனது?
* இந்தப் பட்டம் ஜாம் போன்ற தேர்வுகளுக்குத் தகுதியானதா? நாளை மனம் மாறி அரசு வேலைக்குப் போனால், விலங்கியல் போன்ற பட்டத்துக்கு இணையாக ஏற்பார்களா? அதற்கு அரசாணை இருக்கிறதா?
* ஹாஸ்டல், மெஸ், தேர்வு, லேப் கட்டணம் எல்லாம் சேர்த்து கடைசி வருடம் வரை மொத்தம் எவ்வளவு? எழுத்தில் தருவார்களா?

இந்தக் கேள்விகளை அக்கா மகளே போன் செய்து கேட்டாள். ஆசிரியர்கள் பற்றிக் கேட்டபோது, "இப்பதான் ஆள் எடுத்துட்டிருக்கோம்" என்றார்கள். முந்தைய பேட்ச் என்று ஒன்று இல்லவே இல்லை. இவள்தான் முதல் பேட்ச்!

ஐ.ஏ.டி. பற்றி எங்களுக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. நாங்கள் விசாரித்தபோது அந்த வருடத் தேர்வுக்கான விண்ணப்பம் முடிந்திருந்தது. இரண்டு நாள் அழுதாள். பிறகு மாவட்டத் தலைநகரில் உள்ள அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். என்பிடெலில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கிறாள். கல்லூரி லேபில் வசதி குறைவுதான், மறுக்கவில்லை. அதை ஈடுகட்ட, இந்திய அறிவியல் அகாடமிகள் தரும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். முதல் முறை கிடைக்கவில்லை. மறுபடி போட்டிருக்கிறாள்.

இப்போது மூன்றாம் ஆண்டு. ஜாம் தேர்வுக்கும் படிக்கிறாள். கிடைக்குமா என்று இன்று சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் எழுதலாம். தலைக்கு மேல் கடன் இல்லாததால்தான் அந்த 'அடுத்த வருடம்' அவளுக்கு இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கும் 'மூன்று நாளில் சீட் போய்விடும்' என்று போன் வந்தால், உடனே பீரோவைத் திறக்காதீர்கள். மேலே உள்ள கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளையையே பேசச் சொல்லுங்கள்.

அக்காவின் சங்கிலிகள் பீரோவிலேயே இருக்கின்றன.