தோழிக்கு அடுத்தது செவிலி

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் புதுச்சேரி வில்லியனூரில் மாணவர் பஸ்ஸைப் பார்த்திருக்கிறீர்களா? ‘ஒரு ரூபாய் பஸ்’ என்றுதான் பலருக்கு இன்னும் அது பழக்கம். கடைசி சீட்டில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பெண்கள், மடியில் பைகள். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள். பக்கத்தில் இருப்பவள் அவளுடைய பின்னல் ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறாள். முன் சீட்டில் இருந்து யாராவது திரும்பினால் மற்றவர்கள் சத்தமாகச் சிரித்துப் பேச்சை மறைக்கிறார்கள். வீட்டில் அம்மா, வகுப்பில் டீச்சர், தெருவில் இறங்கினால் சித்தப்பா, பெரியப்பா, அத்தை. பெரியவர் காதில் விழாமல் பேச அவர்களுக்கு வாய்ப்பது அந்த இருபது நிமிஷம்தான்.

அந்தப் பேச்சு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை எச்சிலை வைத்தே அளந்திருக்கிறார்கள். பதற்றம் வரும்போது உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அது எச்சிலிலும் தெரியும். கனடாவில் 5, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 103 பேர் நாலு நாள், நாளுக்குப் பல முறை எச்சில் கொடுத்தார்கள். சற்றுமுன் என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். 2011-இல் வெளியான முடிவு: கசப்பான ஏதோ நடந்தபோது தனியாக இருந்த பிள்ளைக்குக் கார்டிசால் ஏறியது, தன்மேல் இருந்த மதிப்பு இறங்கியது. நெருங்கிய தோழியோ தோழனோ கூட இருந்தவர்களுக்கு இரண்டுமே அவ்வளவாக அசையவில்லை.

அப்படியென்றால் அம்மா எதற்கு? அமெரிக்காவின் மினசோட்டாவில் மேகன் குன்னரின் குழு இதைச் சோதித்தது. முன்பின் தெரியாதவர்கள் எதிரில் பிள்ளைகள் எழுந்து பேச வேண்டும். பேசுவதற்கு முன் தயார்செய்ய அம்மாவோ அப்பாவோ உதவலாம். 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த உதவி மருந்து போல வேலை செய்தது. கார்டிசால் அடங்கியே இருந்தது. 15, 16 வயதில் அதே உதவி பலிக்கவில்லை. “இப்பல்லாம் எங்கிட்ட எதையும் சொல்றதே இல்ல” என்று அலுத்துக்கொள்ளும் அம்மாக்கள் இதைக் கொஞ்சம் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம். மகளுடைய திமிர் மட்டும் இல்லை அது. பருவத்தோடு உடம்பே கணக்கை மாற்றிக்கொள்கிறது.

அம்மா விட்ட இடத்தைத் தோழி நிரப்புவாள் என்றுதான் அந்தக் குழுவும் எதிர்பார்த்திருக்கும். அடுத்த சோதனையில் அம்மாவுக்குப் பதில் நெருங்கிய தோழியை உட்காரவைத்தார்கள். 15, 16 வயதுக்காரர்களுக்குக் கார்டிசால் இறங்கவில்லை, இன்னும் ஏறியது.

எனக்கு இந்த முடிவு முதலில் பிடிக்கவே இல்லை. யோசித்தால், அந்தக் கடைசி சீட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. அமாண்டா ரோஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 2002-இல் ஒரு பழக்கத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். இரண்டு பேர் சேர்ந்து ஒரே கவலையைத் திரும்பத் திரும்பப் பேசுவது; அவன் ஏன் அப்படிப் பார்த்தான், அவள் ஏன் அப்படிச் சொன்னாள், நாளைக்கு என்ன ஆகும் என்று நாலு நாள் ஓடும் பேச்சு. நம் ஊரில் இதற்கு ‘அரைத்த மாவையே அரைப்பது’ என்று பெயர். பையன்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். விசித்திரம் என்னவென்றால், இப்படி அரைப்பவர்களுக்குள் நட்பு இறுகுகிறது; கூடவே கவலையும் சோர்வும் ஏறுகின்றன. கூட இருப்பது நல்லது. கூட இருந்து அதையே அரைப்பதுதான் வம்பு.

அந்தக் கவலையும் சோர்வும் எதுவரை போகும் என்பது இந்தப் பகுதியில் சின்ன விஷயம் இல்லை. 2015-இல் இந்தியாவில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 10.6, புதுச்சேரியில் 43.2, நாட்டிலேயே அதிகம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை வீடு வீடாகக் கேட்டுத் திரட்டிய கணக்கு 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 10 முதல் 19 வயது வரை உள்ள பையன்களில் லட்சத்துக்கு 58 பேர், பெண்களில் 148 பேர். உலகின் பெரும்பாலான நாடுகளில் இந்தக் கணக்கில் ஆண்களே முந்துவார்கள். நம் கிராமத்தில் பெண்பிள்ளைகள்.

கேட்க ஓர் ஆள் இருந்தால் இது மாறுமா? லண்டனில் சாட் வரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். பாதிரியாராக அவர் செய்த முதல் அடக்கச் சடங்கே ஒரு சிறுமிக்கு. வயதுக்கு வந்ததை ஏதோ கெட்ட நோய் என்று நினைத்துப் பயந்து உயிரை விட்ட பிள்ளை அவள். கேட்க ஓர் ஆள் இல்லை. அந்த நினைவோடு அவர் 1953-இல் மனம் உடைந்தவர்களுக்காகத் தன் சர்ச்சில் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். கூட்டம் கூடியது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுக்கச் சில சாதாரண ஆட்கள் வந்தார்கள். டீ குடித்துக்கொண்டே அவர்களிடம் பேசியதில் மனசு லேசாகி, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் வீட்டுக்குப் போனார்கள். அந்த டீக்காரர்கள்தான் ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பின் அஸ்திவாரம். அதே வழியில் 1986-இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் ‘ஸ்நேகா’வைத் தொடங்கினார், புதுச்சேரியில் ‘மைத்ரேயி’ இருக்கிறது. புத்திமதி சொல்லாமல் காது கொடுப்பவர்கள். ஆனால் எதைக் கேட்டால் சும்மா இருக்கக் கூடாது என்று பயிற்சி பெற்றவர்கள்.

அரசும் இந்த வழிக்கு வந்தது. 2014 ஜனவரி 7-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தில், ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள் என்று வளரிளம் வயதுக்காரர்களையே பயிற்சி கொடுத்து நிறுத்தச் சொல்கிறார்கள். சத்துணவு, மாதவிடாய் என்ற வரிசையில் மனநலமும் அவர்கள் பேச வேண்டிய விஷயம். இந்தியில் இவர்களுக்கு வைத்த பெயரைத் தமிழில் எழுதினால் ‘சாதியா?’ என்று கேட்பது போல் ஆகிவிடுகிறது. நமக்கு எதற்கு அந்த வம்பு? நம்மிடம் ‘தோழி’ இருக்கிறாள்.

சங்க அகப்பாட்டின் தோழியைத்தான் சொல்கிறேன். தலைவி வாடுகிறாள், வளை கழல்கிறது, சோறு இறங்கவில்லை. முருகு பிடித்துவிட்டது என்று தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். (இன்றும் வகுப்பில் மயங்கி விழும் பெண்ணுக்குப் பல வீடுகளில் முதலில் தாயத்துதான்.) உண்மை தோழிக்குத் தெரியும். ஒரு கட்டம் வரை மறைக்கிறாள். இனி இவள் தாங்கமாட்டாள் என்றானதும் செவிலித்தாயிடம் சொல்லிவிடுகிறாள். செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் என்று செய்தி படிப்படியாக ஏறும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடியும், தோழி செவிலியிடம் பேசும் பேச்சுதான். ரகசியத்தை வெளியே சொல்லும் இந்தச் செயலுக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் ‘அறத்தொடு நிற்றல்’. காட்டிக்கொடுத்தல் என்று வைக்கவில்லை. இன்று நர்ஸுக்கு நாம் வைத்திருக்கும் பெயரும் செவிலியர் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்.

அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து ஏறக்குறைய இந்த அறத்தொடு நிற்றலையே சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள், பெரிய பள்ளிகளில், உயிரை விடும் எண்ணத்தில் இருந்த நண்பரைப் பற்றிப் பெரியவர் ஒருவரிடம் சொன்னது மற்றவர்களைவிடச் சுமார் நாலு மடங்கு.

பாகூரிலோ வில்லியனூரிலோ அந்தப் பெரியவர் யார் என்பதில்தான் சிக்கல். எல்லாரும் சொந்தம். அங்கன்வாடி டீச்சர் ஒருத்திக்கு மாமி முறை என்றால் அவரிடம் எப்படிச் சொல்வது? காலையில் சொன்னது மதியம் ஏரிக்கரை வரை போய்விடும். அதனால் ஆளைக் காட்டுவதோடு தோழியின் வேலை முடிவதில்லை; எந்த ஆள் என்று தெரிந்து காட்ட வேண்டும். அதற்கு ஊரில் உறவில்லாத ஒரு காது வேண்டும். வில்லியனூர் கொம்யூனில் இராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவமனையின் கிராமப்புறச் சுகாதார நிலையம் இருக்கிறது. “தலைவலி” என்று சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். வெளியே உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அது போதும். உள்ளே போய் உள்ளதைச் சொல்லிக்கொள்ளலாம்.

தோழிகளுக்குத் தரும் பயிற்சியில் மாற வேண்டியது முக்கியமாக ஒரு வாக்கியம். “சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டி” என்று கையில் அடித்துக் கொடுக்கும் வாக்கு. அதற்குப் பதில்: “உன்னைக் கேக்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஒண்ணுன்னா மட்டும் கேக்காமலே சொல்லிடுவேன்.” முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அழுது முடித்த பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போன் பல நேரம் அண்ணன் சட்டைப்பையில் இருக்கும். அதனால் பேச வேண்டியவள் தோழி வீட்டுக்குக் ‘கணக்கு நோட்டு வாங்க’ப் போகிறாள். தோழியின் அம்மா அடுப்படியில். அவர் போன் திண்ணையில் சார்ஜில் கிடக்கிறது.