1.7 என்ற எண் சொல்வது என்ன?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘எச்எஸ்வி-2 ஐஜிஜி: 1.7, பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் போதும், கணவன் மனைவிக்கிடையே சந்தேகம் புகுந்துவிடுகிறது. யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது? இந்த இரண்டு கேள்விக்கும் அந்த எண்ணில் பதில் கிடையாது. தொற்று இருக்கிறதா என்பதற்கே அது உறுதியான சாட்சி அல்ல.

எச்எஸ்வி என்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றி, சிலருக்கு உதட்டோரம் கொப்புளமாக வந்துபோகும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இரண்டாம் வகை முக்கியமாகப் பாலுறவு வழியே பரவுகிறது. இரண்டின் புரதங்களும் பெருமளவு ஒத்திருப்பதால், ஒன்றை எதிர்க்க உருவான ஆன்டிபாடி மற்றதன் மீதும் ஒட்டிக்கொள்ளும். கிளைக்கோபுரதம்-ஜி மட்டும் தெளிவாக வேறுபடுகிறது. ஐஜிஜி என்ற ஆன்டிபாடியைத் தேடி வகை பிரித்துச் சொல்லும் பரிசோதனைகள் அதையே தூண்டிலாக வைக்கின்றன.

அப்போதும் தவறு நேர்கிறது. பரவலாகப் பயன்படும் எலைசா முறையில் 1.1-ஐத் தாண்டினாலே பாசிட்டிவ். ஆனால் 3.0-க்குக் கீழே வரும் பாசிட்டிவ்களில் பொய்யானவை ஏராளம். வேறொரு முறையில் உறுதிசெய்த பிறகே அதை நம்ப வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2016-லும் 2023-லும் பரிந்துரைத்தது.

ஐஜிஎம் என்ற இன்னொரு ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனை இன்னும் மோசம். ‘ஐஜிஎம் இருந்தால் புதிய தொற்று’ என்ற பாடம் இங்கே செல்லாது. பல ஆண்டுப் பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் அது ரத்தத்தில் தென்படலாம். வகையையும் பிரித்துக் காட்டாது. இதை நம்பித் துணையின் நடத்தையைத் தீர்மானிப்பது பெரும் அநியாயம்.

நெகட்டிவ் என்றாலும் காலத்தைப் பார்க்க வேண்டும். தொற்றிய முதல் சில வாரங்களில் ஐஜிஜி இருக்காது. சந்தேகம் இருந்தால் 12 வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. முதல் வகைக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்றால், தொற்று வாயிலா, பிறப்புறுப்பிலா என்பது அதில் தெரியாது.

புண் இருக்கும்போதே மருத்துவரிடம் போய்விடுங்கள். அதிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர், வைரஸையே நேரடியாகத் தேடுகிறது. எந்த வகை, எந்த இடம் என்பதும் அதில் தெரிந்துவிடும்.