டவர் இல்லாமல் பேசும் குட்டி ரேடியோ!

தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், 2015 டிசம்பர் 1ம் தேதி ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். உங்களில் பலர் அப்போது கைக்குழந்தை. சிலர் பிறந்தே இருக்க மாட்டீர்கள்!

அந்த 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ., உங்களிடம் இருக்கும் பெரிய ஸ்கேல் 30 செ.மீ., தானே? அதை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் 15 செ.மீ., சின்ன ஸ்கேலை நிறுத்தினாலும் எட்டாது. அவ்வளவு மழை! அடையாறு கரை தாண்டியது. தெருக்களில் படகு போனது. மீனம்பாக்கம் விமான நிலைய ஓடுபாதையே தண்ணீரில் மூழ்கி, பல நாட்கள் மூடிக் கிடந்தது.

மாடியில் மாட்டிக் கொண்டவர்கள், "நாங்க இங்க இருக்கோம்... வாங்க" என்று சொல்ல போனை எடுத்தால்... சத்தமே இல்லை!

ஏன் அப்படி? நீங்கள் பக்கத்துத் தெரு நண்பனுடன் போனில் பேசினாலும், உங்கள் குரல் நேராக அவன் வீட்டுக்குப் போவதில்லை. முதலில் டவருக்குப் போய், அங்கிருந்து கம்பெனியின் பெரிய இயந்திரங்களுக்குப் போய், மறுபடி ஒரு டவர் வழியாகத்தான் அவனிடம் வரும். டவருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது டீசலை யார் கொண்டு போய் ஊற்றுவது?

இப்படிப்பட்ட நேரத்தில்தான், 'ஹாம்' ரேடியோக்காரர்களுக்கு வேலை வந்துவிடும். பொழுதுபோக்காக, அரசிடம் உரிமம் வாங்கி, சொந்தமாக ரேடியோ வைத்துப் பேசுபவர்கள் இவர்கள். சென்னை வெள்ளத்தின்போதும் உதவிக்கு வந்தார்கள். அவர்கள் ரேடியோவுக்கு டவர் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். என் ரேடியோவிலிருந்து கிளம்பும் அலை, நேராக உங்கள் ரேடியோவுக்கு வரும். அவ்வளவுதான்!

'அப்படியென்றால் எங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கி வைக்கலாமே...' என்று தோன்றுகிறதா? உள்ளங்கையில் அடங்கும் ரேடியோக்கள் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. மலிவு செல்போனை விடக் குறைந்த விலை. ஆனால், அப்பாவிடம் போய் "வாங்கிக் குடுங்கப்பா..." என்று நச்சரிப்பதற்கு முன், சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் பரீட்சை!

காசு இருந்தால் மட்டும் இந்த ரேடியோவை வாங்கிவிட முடியாது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் பாஸாகி, உரிமம் வாங்க வேண்டும். 12 வயது நிறைந்திருந்தால் தேர்வு எழுதலாம். ஆமாம்... ஏழாம் வகுப்பு படிக்கும்போதே! இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில், மின்சாரம், ரேடியோ பற்றிய எளிய பாடமும், விதிமுறைகளும் கேட்பார்கள். இரண்டாவது நிலைக்கு, 'டிட் டா டிட்' என்று தட்டும் மோர்ஸ் சங்கேதமும் தெரிந்திருக்க வேண்டும். பாஸானவுடன் உங்களுக்கென்று ஓர் அடையாளப் பெயர் தருவார்கள். இந்தியாவில் அது 'வி.யு.,' என்று ஆரம்பிக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருக்காது. முன்னாள் பிரதமர் ராஜிவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவரது அடையாளம், வி.யு.2ஆர்.ஜி.,

'விளையாட்டுக்குப் பேச எதற்கு இத்தனை கட்டுப்பாடு?' என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் நாட்டில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 வரையும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால், மலிவு ரேடியோக்கள் பல 136ல் ஆரம்பித்து 174 வரை, 400ல் ஆரம்பித்து 500க்கும் மேல் என்று எங்கு வேண்டுமானாலும் பேசும். நடுவில் போலீஸ், தீயணைப்பு, கப்பல் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தாம்பரத்திலோ விமானப்படை தளம்; பக்கத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். தெரியாமல் நீங்கள் பட்டனை அழுத்தி, "டேய், கிரிக்கெட் ஆட வரியா?" என்று கேட்டால், அதே நேரத்தில் ஆம்புலன்சைக் கூப்பிடும் ஒருவரின் குரல் அமுங்கிப் போகலாம். ரேடியோ அலைகளைக் கவனிப்பதற்கென்றே அரசின் கண்காணிப்பு நிலையம் ஒன்று நம் பெருங்குடியில் இருக்கிறது. அதனால் உஷார்!

உரிமம் வேண்டாத வாக்கி டாக்கியும் இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்சில் மட்டும், குறைந்த சக்தியில் பேசுவது. அதற்கும் அரசு ஒப்புதல் பெற்ற செட்டாக இருக்க வேண்டும். ஒப்புதல் விவரம் இல்லாத செட்டுகளை இணையக் கடைகளில் விற்கக் கூடாது என்று, 2025ல் மத்திய அரசு விதிமுறை கொண்டு வந்தது. எனவே, பெட்டியில் அந்த விவரம் இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எட்டு வாட்டா, எட்டு மாடியா?

சரி, உரிமம் உள்ள அக்காவோ மாமாவோ வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல், 'எட்டு வாட் சக்தி! 15 கி.மீ., பேசலாம்!' என்று போட்டிருக்கும். நம்பலாமா?

இந்த ரேடியோ அலை, கிட்டத்தட்ட நம் பார்வை மாதிரி. நேராகப் போகும், பூமியின் வளைவைத் தாண்டிக் குதிக்காது. எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு குட்டிக் கணக்கு இருக்கிறது. நீங்கள் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டுபிடித்து, நாலால் பெருக்குங்கள். தோராயமாக அத்தனை கி.மீ.,

ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி 16 மீட்டர் என்றால், வர்க்கமூலம் நாலு. நாலை நாலால் பெருக்கினால் 16 கி.மீ., பரங்கிமலை உச்சி சுமார் 90 மீட்டர். அங்கே ஏறினால் கிட்டத்தட்ட 38 கி.மீ.! தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏழாவது நிலையம்தானே பரங்கிமலை? அதைத் தாண்டியும் எங்கேயோ போய்விட்டது பாருங்கள். (கர்னல் லாம்டன் என்பவர், 1802ல் இந்தியாவை அளக்கும் பெரிய வேலையை இந்தப் பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் ஆரம்பித்தார். குன்றின் உச்சியிலிருந்து இன்னொரு உச்சியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். ரேடியோக்காரர்களுக்கும் அதே குன்றுகள் மேல்தான் கண்!)

இருவரும் தரையில் நின்றால், கணக்குப்படி 10 கி.மீ., வரை வரும். ஆனால், குரோம்பேட்டை மாதிரி வீட்டை ஒட்டி வீடு இருக்கும் இடத்தில், சுவர்கள் அலையைத் தின்றுவிடும். ஒன்றிரண்டு கி.மீ., கேட்டாலே பெரிய விஷயம். பெட்டியில் போட்டிருக்கும் 15 கி.மீ., மேட்டிலிருந்து பேசினால்தான்.

ஐந்து வாட்டுக்கும் எட்டு வாட்டுக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, கொஞ்சம்தான். தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால், சக்தியை நாலு மடங்காக்க வேண்டும். அதனால் ஐந்து எட்டானால், தூரம் கால் பங்கு கூடினாலே அதிகம். என்னைக் கேட்டால், அந்தக் கூடுதல் காசைக் கொடுப்பதை விட, மொட்டை மாடிப் படி ஏறிவிடுவது மேல்.

அப்படியானால் எதற்குக் காசு கொடுக்கலாம்? ஆன்டெனாவுக்கு! மலிவு செட்டுகளுடன் வரும் ரப்பர் ஆன்டெனா, சட்டைப் பைக்கு வசதியாக இருக்கட்டும் என்று குட்டையாகச் செய்யப்பட்டது. உண்மையில் எவ்வளவு நீளம் வேண்டும்? 300ஐ 145ஆல் வகுங்கள். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். அதுதான் அந்த அலையின் நீளம். அதில் கால் பங்கு, ஏறக்குறைய அரை மீட்டர். எனவே, ஆன்டெனாவைக் கழற்றி மாட்ட முடிகிற செட்டாகப் பார்க்க வேண்டும். ஹாம்கள் இன்னொரு தந்திரமும் செய்வார்கள். அரை மீட்டர் ஒயரை ஆன்டெனாவின் அடியில் இணைத்து, கீழே தொங்கவிடுவார்கள். அதற்குப் பெயர், 'புலி வால்!' வாலின் விலை சில ரூபாய்தான். சத்தம் நன்றாகத் தெளியும்.

அடுத்தது சார்ஜர். வெள்ளம் வந்தால் கரன்ட் இருக்காது. மேஜையில் வைக்கும் தொட்டிலில் மட்டுமே சார்ஜ் ஏறும் செட், அப்போது வெறும் பொம்மை. செல்போன் ஒயரையே செருகி, பவர் பேங்கில் சார்ஜ் செய்யக்கூடிய செட்டுகள் வந்துவிட்டன. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தண்ணீர் விஷயத்தில் மலிவு செட்டுகள் கொஞ்சம் சோப்ளாங்கி. 'ஐ.பி.67' என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். அதன் விலை அதிகம். அது முடியாதவர்கள், செட்டை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிப் பேச வேண்டியதுதான்.

மலிவில் இன்னொரு குறையும் உண்டு. சில செட்டுகளை 145ல் பேசச் சொன்னால், அதன் இரு மடங்கான 290லும் லேசாகக் கத்தும். உங்கள் வீட்டு டி.வி., சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. நல்ல செட்டுகளில், இந்தச் சத்தத்தை வடிகட்டும் பகுதி உள்ளேயே நன்றாக இருக்கும். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே, ஏற்கனவே ஒரு ஹாம் சோதித்துப் பார்த்து, 'பரவாயில்லை' என்று சொன்ன மாடலை வாங்குவது நல்லது.

கைக்கு அடங்கும் ரேடியோவால் எல்லாம் முடியுமா? முடியாது. 2004 டிசம்பரில், பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம், தன் குழுவுடன் அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரில் தங்கி, உலகமெங்கும் உள்ள ஹாம்களுடன் பேசிக் கொண்டிருந்தார். 26ம் தேதி காலை சுனாமி! தீவுகளில் போன்கள் செத்துப் போயின. அவர் ரேடியோ முன் உட்கார்ந்து, யார் எங்கே பத்திரமாக இருக்கிறார்கள் என்ற தகவல்களை வெளியே அனுப்பினார். அவரிடம் இருந்தது பெரிய சிற்றலை ரேடியோ. அந்த அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரம் கி.மீ.,க்கு அப்பாலும் இறங்கும். குட்டி ரேடியோவின் வேலை வேறு. முடிச்சூரில் ஒரு மாடியில் இருப்பவர், பெருங்களத்தூரில் படகோடு நிற்பவரைக் கூப்பிடுவது!

ஆனால், அதே குட்டி ரேடியோவுக்கு வானத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். சர்வதேச விண்வெளி நிலையம்! சுமார் 400 கி.மீ., உயரத்தில் நம் தலைக்கு மேல் போகும்போது, நடுவில் சுவரே கிடையாது. அதனால், 145.8 மெகா ஹெர்ட்சில் அங்கிருந்து வரும் குரலை, உரிமம் உள்ள ஒருவரின் கைரேடியோவில் நீங்களும் கேட்க முடியும். 2025 ஜூலையில், நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் ரேடியோ மூலம் இந்திய மாணவர்களுடன் பேசினார்.

பேசிப் பழகலாமா?

ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பட்டனை அழுத்தி, ஒரு வினாடி பொறுத்துத்தான் பேச வேண்டும். அழுத்தியவுடனே பேசினால், "தாம்பரம்" என்றது "பரம்" என்று போய்ச் சேரும்! பேசி முடித்ததும் "ஓவர்" சொல்லி, பட்டனை விட வேண்டும். இரைச்சலில் ஊர்ப் பெயர் குழம்பாமல் இருக்க, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தாம்பரத்தை இப்படிச் சொல்வார்கள்: டேங்கோ, ஆல்பா, மைக், பிராவோ, ஆல்பா, ரோமியோ, ஆல்பா, மைக்.

இதற்கு ரேடியோவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். மற்ற எழுத்துகளுக்கான சொற்களைத் தேடிக் கண்டுபிடித்து, இன்றைக்கே உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெருங்களத்தூர் குட்டீஸ் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கிக் கொள்ளுங்கள்... உங்களுக்கு 13 எழுத்து! ஓவர்.