வரம்பு கட்டுவது யாருக்காக?



சில மாதங்களுக்கு முன்னர், குடும்ப நலம் பற்றிய உரையை முடித்துக்கொண்டு கலையகத்தைப் பூட்டப் போன வேளையில் தொலைபேசி ஒலித்தது. "அண்ணை, நான் ஒரு கோடு போட்டால் செத்துப்போவன் எண்டு அவ சொல்லுறா. போடாட்டி நான் செத்துப்போவன் போலக் கிடக்கு" என்றார் ஒருவர். மணமாகி ஒன்பது ஆண்டுகள். மனைவிக்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, அதாவது 'போர்டர்லைன்', என்று மனநல வைத்தியர் சொல்லி ஒரு வருடம். இது ஊரில் இருக்கும் தன் தாய்க்குக்கூடத் தெரியாது என்றார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். அன்றிரவு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். லைஃப்லைன் 13 11 14 என்ற இலக்கத்தைக் கொடுத்தேன். பிறகு வாசித்தும், இத்துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்தும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

'போர்டர்லைன்' என்ற பெயரை 1938இல் அடொல்ஃப் ஸ்டேர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் பயன்படுத்தினார். 1980இல் அது அமெரிக்க மனநோய்க் கையேட்டில் ஏறியது. இன்று 9 அறிகுறிகளில் 5 இருந்தால் இந்நோய் என்கிறார்கள். மையமாக இருப்பது கைவிடப்பட்டுவிடுவோம் என்ற பயம். காலையில் கணவன் தெய்வம். மாலையில் பத்து நிமிடம் பிந்தி வந்தால் துரோகி. நம்மவர்கள் இதை நடிப்பு என்பார்கள், திமிர் என்பார்கள், செய்வினை என்றும் சொல்வார்கள். மூன்றும் தவறு. அந்தப் பயம் அவர்களுக்கு உண்மையானது.

மருந்தைவிடப் பேச்சுச் சிகிச்சையே இதற்கு முக்கியம். அவற்றில் பெயர் பெற்றது டி.பி.டி. அதை உருவாக்கிய மார்ஷா லினஹான், இளவயதில் தானும் இப்படித் துன்பப்பட்டு மருத்துவமனையில் நீண்ட காலம் இருந்ததை 2011இல் பகிரங்கமாகச் சொன்னார். இன்னொரு செய்தி: மேரி சனரினியும் குழுவினரும் அமெரிக்காவில் 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த நோயாளிகளில் 93 சதவீதமானோருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்குறிகள் தணிந்திருந்தன. வேலை, உறவு எல்லாம் சீராகி முழுமையாக மீண்டவர்கள் பாதிப்பேர். இதைச் சொன்னபோது தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

இனி வரம்பு. வயலில் வரம்பு கட்டுகிறவன் மழையைத் தடுக்கக் கட்டுவதில்லை. தன் வயல் நீரைத் தன் வயலுக்குள் வைத்திருக்கக் கட்டுகிறான். 'நீ சத்தம் போடக்கூடாது' என்பது வரம்பு அல்ல, கட்டளை. 'சத்தம் கூடினால் நான் வெளியே நடந்துவிட்டு 8 மணிக்கு வருவேன்' என்பதுதான் வரம்பு. அது நான் செய்யப்போவதைப் பற்றியது. அந்த '8 மணி' முக்கியம். திரும்பி வரும் நேரம் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனால், கைவிடப்படுவோம் என்று பயப்படுகிறவரின் பயத்தை நாமே மெய்யாக்குகிறோம். சொன்னபடி 8 மணிக்கு வாசலில் நிற்கவும் வேண்டும்.

நேயருக்கு வேலையிடத்துக்கு ஒரு நாளில் 20, 30 அழைப்புகள் வரும். முதல் இருபதை எடுக்கமாட்டார். பிறகு மனம் கேளாமல் எடுப்பார். கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு இது தெளிவாகத் தெரிகிறது: ஒரு பதிலின் விலை 20 அழைப்பு என்று அவரே நிர்ணயித்துவிட்டார். ஒருநாள் இறுக்கம், மறுநாள் இளக்கம் என்றால் அடுத்த தடவை இன்னும் பலமாகத் தட்டத்தான் வேண்டும் என்று அந்த மனம் கற்றுக்கொள்ளும். காப்பாற்ற முடியாத பத்து வரம்புகளைவிட ஒன்றே ஒன்று போதும். அதையும் சண்டை நடுவில் அறிவிக்கக்கூடாது. அமைதியான ஒரு சனிக்கிழமை, தேநீரோடு. முதல் சில வாரங்கள் நிலைமை மோசமாகத்தான் போகும். இது பலருக்குத் தெரியாததால், 'சரிவரவில்லை' என்று அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

காசு விஷயத்தில் என் தொழில் அனுபவம் கொஞ்சம் உதவும். யோசியாமல் செலவழிப்பதும் இந்நோயின் ஓர் அறிகுறியாக வரலாம். கூட்டாக வாங்கிய கடனுக்கு இருவரும் முழுமையாகப் பொறுப்பு, பாதிப்பாதி அல்ல. வீட்டுக் கடனுக்கும் பில்களுக்கும் தனிக் கணக்கு வைத்து, காசெடுக்க இருவரின் ஒப்பமும் தேவை என்று வங்கியில் மாற்றலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ஒளித்துச் செய்தால் அது வரம்பல்ல, சூழ்ச்சி.

தற்கொலை பற்றிய பேச்சு எழுந்தால் வரம்பு பற்றி வாதாட வேண்டாம். மிரட்டலா மெய்யா என்று நாம் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல், உடனடி ஆபத்து என்றால் 000. உதவியை அழையுங்கள், ஆனால் வரம்பை விலையாகக் கொடுக்காதீர்கள். அடி, உதை உள்ள வீட்டில், அடிப்பவர் ஆணோ பெண்ணோ, வரம்பு போதாது; முதலில் பாதுகாப்பு. அதற்கு 1800 737 732.

குடும்பத்தவர்களுக்கென 'ஃபமிலி கனெக்ஷன்ஸ்' என்ற 12 வார வகுப்பு அவுஸ்திரேலியாவிலும் நடக்கிறது. குடும்ப வைத்தியரிடம் மனநலச் சிகிச்சைத் திட்டம் கேட்டால், ஆண்டுக்கு 10 தடவை உளவியலாளரைப் பார்க்க மெடிகெயார் ஒரு பகுதியைத் தரும். இது துணையாக இருப்பவருக்கும் தேவைப்படலாம். மொழி தடையென்றால் 131 450இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

நேயர் தெரிந்துகொண்டது ஒரே வரம்புதான்: வேலை நேரத்தில் தொலைபேசி எடுப்பதில்லை, ஆனால் 12:30க்குத் தானே எடுப்பது. இரண்டாவது கிழமையில் ஒருநாள் 43 அழைப்புகள் வந்தனவாம். எடுக்கவில்லை, 12:30க்கு அழைத்தார். போன கிழமை மறுபடி என்னோடு பேசினார். "நேற்று ஒரேயொரு கோல்தான் அண்ணை வந்தது, 12:34க்கு. மீட்டிங்கில நான் பிந்திப்போனன். பிழை என்ரதான்" என்றார்.

தாய்க்கு இன்னும் சொல்லவில்லை.