கண்ணைக் காட்டிவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்

பாளையம்பட்டியிலிருந்து மதுரை விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம். இந்தப் பக்கம் கோவில்பட்டி அருகே உள்ள பழைய ஓடுதளத்தில் பைலட் பயிற்சிப் பள்ளி கொண்டுவர மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயன்று வருகிறது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் பைலட் பேச்சு வந்தால், கூடவே கல்விக் கடனும் நிலப் பத்திரமும் பேச்சில் வரும். அதற்கு முன் பேச வேண்டியது மருத்துவச் சான்றிதழைப் பற்றி.

பயிற்சி மாணவருக்கும், பொழுதுபோக்குக்காக ஓட்டுபவருக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேட்பது கிளாஸ் 2 சான்றிதழ். சம்பளத்துக்கு ஓட்டும் சிபிஎல் உரிமத்துக்குக் கிளாஸ் 1. வம்பு இங்கேதான். கிளாஸ் 2-ஐ வைத்துக்கொண்டே பறக்கக் கற்கலாம். சிபிஎல்லுக்கு வேண்டிய 200 மணி நேரப் பறத்தலையும் முடிக்கலாம். கடைசியில் கிளாஸ் 1 கிடைக்கவில்லை என்றால் சிபிஎல் இல்லை, கடன் மட்டும் இருக்கும்.

கண்ணாடி போட்டவர் பயப்பட வேண்டாம். கண்ணாடியுடன் ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் இருக்க வேண்டும். பயப்பட வேண்டியது நிறக்குருட்டுக்கு. சிவப்பும் பச்சையும் குழம்புகிறது என்பது இருபது வயது வரை அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம். தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது என்பதால், தாய்மாமனுக்கு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா சோதனையைக் கண் மருத்துவரிடம் சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

கிளாஸ் 1 பொதுவாக ஓராண்டு செல்லும். பயணிகளுடன் தனி ஆளாக ஓட்டுபவருக்கு நாற்பது வயதுக்கு மேலும், மற்ற வணிக விமானிகளுக்கு அறுபதுக்கு மேலும் ஆறு மாதம்தான்.

சொல்லிக்கொடுப்பவருக்கு? அமெரிக்காவில் ஒரு விசித்திரம்: பயிற்சியாளர் வாங்கும் கூலி கற்பிப்பதற்கே, விமானம் ஓட்டுவதற்கு அல்ல என்பது அங்குள்ள கணக்கு. அதனால் மூன்றாம் வகுப்புச் சான்றிதழே போதும். விமானத்தின் பொறுப்பு மாணவரிடம் இருந்து, பயிற்சியாளர் கட்டாய விமானக் குழுவிலும் இல்லையென்றால் அதுவும் வேண்டாம். நம்மூர்ப் பயிற்சியாளர் பெரும்பாலும் சிபிஎல் வைத்திருப்பவர். அந்த உரிமத்துக்கு வேண்டியது கிளாஸ் 1.

எனவே வரிசை இது: டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2, அடுத்து பெங்களூரு விமானப்படை மருத்துவ நிலையம் போன்ற மையத்தில் கிளாஸ் 1, அதன் பிறகே பள்ளிக் கட்டணம். எடை, சர்க்கரை போன்றவற்றால் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று எழுதினால் உடம்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம். பழைய வலிப்பையோ அறுவைச் சிகிச்சையையோ மட்டும் படிவத்தில் மறைக்காதீர்கள்.