ஒரே பெயர், பல மெத்தட்: எது இயங்கும்?

மாணவர்களே, "பந்தைப் பிடி", "பேருந்தைப் பிடி", "படம் பிடி" என்று சொல்கிறோம். மூன்றிலும் சொல் ஒன்றுதான், வேலை வேறு. 'பிடி'யோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்பதைக் கொண்டே, செய்ய வேண்டியதை நீங்கள் புரிந்துகொள்கிறீர்கள்.

கணினி நிரலிலும் இதைப் போன்ற வசதி உண்டு. ஜாவா மொழியில், ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பை 'மெத்தட்' என்பார்கள். ஒரே பெயரில் பல மெத்தட்களை எழுதலாம். ஆனால், அடைப்புக்குறிக்குள் அவை ஏற்கும் தரவுகளின் எண்ணிக்கையோ வகையோ வரிசையோ வேறுபட வேண்டும். இதுவே 'மெத்தட் ஓவர்லோடிங்'. திருப்பித் தரும் விடையின் வகை மட்டும் மாறினால் போதாது.

திரையில் எதையாவது காட்டப் பயன்படும் 'பிரிண்ட்லைன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜாவாவில் அந்தப் பெயரில் 10 மெத்தட்கள் உள்ளன. முழு எண், தசம எண், எழுத்து, சொற்றொடர் என ஒவ்வொன்றுக்கும் தனி மெத்தட் உண்டு. ஆனால், நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒரு பெயரை மட்டுமே.

எந்த மெத்தட் பொருந்தும் என்பதைத் தேர்ந்தெடுப்பது கம்பைலர். நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, நீங்கள் கொடுத்த தரவின் வகையைப் பார்த்து அது முடிவெடுத்துவிடும். உங்கள் மனத்தில் இருப்பது அதற்குத் தெரியாது.

இங்கேதான் கவனம் தேவை. வீட்டுப்பாடத்தை ஒப்படைக்காத மாணவர்களின் எண்களை ஜாவாவில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறீர்கள்: 7, 3, 9, 1, 12. 3ஆம் எண் மாணவர் இப்போது ஒப்படைத்துவிட்டார். அவருடைய எண்ணை நீக்க 'ரிமூவ்(3)' என்று எழுதுகிறீர்கள். நீங்கியதோ 1!

காரணம், பட்டியலில் 'ரிமூவ்' என்ற பெயரில் இரண்டு மெத்தட்கள் உள்ளன. ஒன்று, இட எண்ணை வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் உள்ளதை நீக்கும். மற்றொன்று, ஓர் ஆப்ஜெக்ட்டை வாங்கிக்கொண்டு அதைத் தேடி நீக்கும். வெறும் 3 என்பது 'இன்ட்' வகை. ஆகவே, கம்பைலர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. இடங்கள் 0இலிருந்து எண்ணப்படுவதால், இட எண் 3இல் இருந்தது 1. பிழைச் செய்தி எதுவும் வராது. ஒப்படைத்தவரின் எண் பட்டியலில் நிற்கிறது, ஒப்படைக்காதவர் தப்பிவிட்டார்.

'ரிமூவ்(இன்டிஜர்.வேல்யூஆஃப்(3))' என்று எழுதுங்கள். 3 ஓர் ஆப்ஜெக்ட்டாக மாறும். சரியான எண் நீங்கும்.

'பிரிண்ட்லைன்' குழப்புவதில்லை, அந்தப் பெயரில் உள்ள எல்லா மெத்தட்களும் திரையில் காட்டும் வேலையைத்தான் செய்கின்றன. 'ரிமூவ்' அப்படியல்ல. நீங்கள் நிரல் எழுதும்போதும், ஒரே வேலைக்கு ஒரே பெயர் வையுங்கள். வேலை மாறினால் பெயரையும் மாற்றிவிடுங்கள்.